தெற்கு வாசல் சாவி

நாற்பது நிமிஷம் இருக்கிறது, அதற்குள் கடைமுனையைக் காப்பாற்றியாக வேண்டும். பல் அச்சு எடுக்கும்போது வைக்கிற சின்ன டைமரைத் திருகி என் முன்னால் வைத்து, "அலாரம் அடிக்கறதுக்குள்ள பேனாவால எழுதி முடிச்சிடுங்க சார், அப்புறம் ஒரு கோடு கூட மாத்த விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் பிரிசில்லா தணிகைவேலையும் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில். ஷட்டர் பாதி இறக்கிய பல் கிளினிக்கின் ஹாலில், கிராம்புத் தைல வாசனைக்கு நடுவில், நோயாளிகள் பழைய வாரப் பத்திரிகை புரட்டுகிற மேசைமேல் கிராஃப் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு, உத்தியோகம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் மானேஜர், ஞாயிறு மதியம் மட்டும் தளபதி கொற்றன். வசுமதி கேட்டால் ரூட் கெனால் இன்னும் முடியவில்லை என்று சொல்வேன். அவளும் நம்புகிறாள், ஒன்றரை வருஷமாக ஒரே பல்லை நோண்டுகிறார்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, எல்லாம் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறாளோ என்னவோ. உண்மையாகவே பல்வலிக்குத்தான் முதலில் வந்தேன். இதே மேசையில் இதேபோல ஒரு வரைபடம் கிடந்தது, முறை வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த மதில் நிற்காது டாக்டர், அஸ்திவாரம் ஆற்று மணலில் இருக்கிறது என்று வாயில் பஞ்சோடு சொன்னேன். அடுத்த ஞாயிறு வாங்க சார் என்று கூப்பிட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு வேஷம், கடைமுனை என்று இல்லாத ஒரு ஊர், வாயாலேயே கதை ஓட்டுவது, நினைத்தது நடந்ததா இல்லையா என்று இருபது முகம் கொண்ட டைஸ் சொல்லும், கதையை நடத்துகிற டாக்டரை நாங்கள் கண்டக்டர் என்று கூப்பிடுவோம், அவர் சொல்கிற இடத்தில் வண்டி நிற்கும். இந்த வயசில் இதென்ன கூத்து என்று வெட்கமாக இருந்ததுண்டு. அது சின்ன வெட்கம், இப்போது நினைத்தால் அதற்காக ஏங்குகிறேன்.

வடக்கு மதிலில் எனக்குக் கவலை இல்லை. மலைப்பூதங்கள் முந்நூறு இறங்கி வரும், வரட்டும், வடக்கு வாசலுக்கு முன்னால் பள்ளம் வெட்டி உள்ளே முள் நட்டாயிற்று, கணவாயைப் பார்த்த இரண்டு கோபுரத்திலும் எண்ணெய்க் கொப்பரை ஏற்றியாயிற்று, கிழக்கே தானியக் கிடங்கைச் சுற்றி ஈரச் சாக்கு, தீ வைத்தாலும் பிடிக்காது. முப்பத்திரண்டு காவலாளிகள். முப்பத்திரண்டு பேருக்கும் பெயர் வைத்திருக்கிறேன், பெயருக்குப் பக்கத்தில் ஊர், எந்தக் கண்ணில் பார்வை மங்கல், யாருக்கு இருமல், யார் பொண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்பது உட்பட. டாக்டர் அசந்துபோனார், இப்படி ஒரு தளபதியை நான் பார்த்ததே இல்லை சார், ஒவ்வொரு சிப்பாயையும் ஆளாகப் பார்க்கிறீங்க என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவினேன், உள்ளே குளிர்ந்துபோயிருந்தது, பாராட்டு கேட்டால் எனக்கு எப்போதும் அப்படித்தான். மேற்கு மதிலும் சரி. தெற்கில்தான் விரல் நிற்கிறது. தெற்கு மதில் நேராகத்தான் போக வேண்டும், ஆனால் முக்கால் தூரம் போனதும் உள்ளே ஒரு மடங்கு மடங்கி, ஒரு சதுரத்தைச் சுற்றிக்கொண்டு, பிறகு நேராகிறது. அந்தச் சதுரம் என்ன சார் என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். ஆயுதச் சாலை என்றேன். கை தானாக வரைந்துவிட்டது, ஏன் வரைந்தேன் என்று அப்போது எனக்கும் தெரியாது. இப்போது தெரிகிறது, அது மோட்டார் ரூம். நாங்கள் முன்பு இருந்த அடுக்குமாடியின் பின்பக்கச் சுவர் மோட்டார் ரூமைச் சுற்றி இதே மாதிரிதான் மடங்கும், மடங்கிய இடத்திலிருந்து எட்டடி தள்ளி ஒரு இரும்புக் கதவு, ஆறடி அகலம், அதற்கு வெளியே ஒரு சந்து, சந்துக்கு அப்பால் ஏரிக்கரை வரைக்கும் தகர வீடுகள். பூதங்கள் உலவுகிற ஒரு தேசத்துக்கு நான் போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் அந்த அடுக்குமாடியின் பழைய அசோசியேஷன் செக்ரட்டரியாகவே உட்கார்ந்து பின்கேட்டை வரைந்துவைத்திருக்கிறேன்.

கண்ணாடிச் சில்லும் அதே கதைதான், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. இரண்டு வாரம் முன்பு பென்சிலில் தெற்கு மதில் மேல் சின்னச் சின்ன முக்கோணமாகப் போட்டு, உடைந்த கண்ணாடி பதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சார், இந்த ஊர்ல கண்ணாடிக் கிண்ணமே ராஜா வீட்ல ஒண்ணுதான் இருக்கு. மதில்மேல பதிக்க எங்க போவீங்க, சோடா ஃபேக்டரிக்கா?" என்றார். நானும் சிரித்தேன். ரப்பரால் அழிக்கக் குனிந்தபோதுதான் தணிகை பேசினான். இருபத்தேழு வயசுப் பையன், இதே கட்டடத்தில் மாடியில் பிசியோதெரபி பார்க்கிறான், கதையில் அவனுக்கு வெள்ளி என்கிற கிழ மருத்துவச்சி வேஷம், மதிலுக்கு வெளியே தோல் பதனிடுகிறவர்களோடு குடியிருப்பவள், இடது கையில் இரண்டு விரல் மடங்காது. இந்த வேஷத்தை அவனாகவேதான் எழுதிக்கொண்டு வந்தான், மடங்காத விரலை எதற்கு வைத்தான் என்று நாங்கள் கேட்டதில்லை. "சிரிக்காதீங்க டாக்டர், எங்க அம்மா கை அப்படித்தான் போச்சு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த டிசம்பர் மழையில் ஏரியைத் திறந்துவிட்ட மதியம், இடுப்பளவு தண்ணி, பின்னாடி இருந்த அப்பார்ட்மெண்ட் மேடு, அதன் கேட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தோம், வாட்ச்மேன் சாவியைத் தொலைச்சிட்டான், தங்கச்சியைத் தூக்கி மேல விட்டுட்டு அம்மா சுவர்ல கையைக் குடுத்தாங்க, சில்லு நரம்பை அறுத்துடுச்சு, தையல் மிஷின் ஓட்டுற கை. அம்மா கையைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்றான். எந்த ஏரி என்று டாக்டர் கேட்டார். சொன்னான். என் கையில் ரப்பர் இருந்தது, அதைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். மேசைக்கு அடியில் அவன் செருப்பு தெரிந்தது. போன வாரம் காய்ச்சல் என்று சொல்லி நான் வரவில்லை.

வாட்ச்மேன் சாவியைத் தொலைக்கவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வேலைக்கார அம்மாக்கள் வருகிற நேரம் தவிரப் பின்கேட்டைப் பூட்டிவைப்பது வழக்கம், அன்று காலை மழை பார்த்துச் சீக்கிரமே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டது நான். இரண்டு மணி இருக்கும், போர்ட்டிகோவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம், ஏதோ கல்யாண வீட்டில் மாப்பிள்ளை காருக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. கேட்டில் தட்டுகிற சத்தம் மழையிலும் கேட்டது. முதலில் கையால் தட்டினார்கள், பிறகு ஏதோ பாத்திரத்தால். திறந்தால் இருநூறு பேர் உள்ளே வருவான் சார் என்று யாரோ சொன்னார்கள், வந்தவன் போவானா என்று இன்னொருவர், நம்ம வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கு என்று ஒரு குரல். அந்தக் குரல் என்னுடையதோ என்று இத்தனை வருஷத்தில் பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறேன், இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வாட்ச்மேன் பலராமன் தொப்பலாக நனைந்து வந்து, "சார், பின்கேட்டு சாவி" என்றான். அவன் என்று சொல்கிறேன், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். "உன்கிட்டதானே இருந்துச்சு, போய்த் தேடிப் பாரு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தார். சாரலில் நனைந்த என் வெள்ளைச் சட்டை, சாவி பச்சைக் கயிற்றோடு அப்படியே தெரிந்திருக்கும். "சரி சார், தேடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் உண்மையாகவே தேடினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாட்ச்மேன் கூண்டில் பாயை உதறினார், தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்தார், மழையில் குனிந்து செடித்தொட்டிக்குக் கீழே எல்லாம் கையை விட்டுத் துழாவினார். என் பொய்யைப் பத்துப் பேர் முன்னால் நிலைநிறுத்துவதற்காக அந்த மனுஷன் இல்லாத சாவியை அரைமணி நேரம் தேடினார். மறுபடியும் ஒருமுறை வந்து நின்றார், கிடைக்கலை சார் என்றார், அப்போதாவது நான் பையில் கையை விட்டிருக்கலாம். அடடா இங்கேயே இருக்கிறதே என்று ஒரு நடிப்பு நடித்திருந்தால்கூடப் போதும். அதற்குள் சுவர் மேல் தலைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. சில்லு பதிக்கச் சொன்னதும் நான்தான், மார்ச் மாசம், பூனை வருகிறது என்று.

வெள்ளம் வடிந்த பிறகு சந்தில் இருந்தவர்கள் பலராமனைப் பிடித்து அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், உதட்டில் தையல் போட்டிருந்தது. அடுத்த கூட்டத்தில் காவலாளியின் கவனக்குறைவு என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. வேலையிலிருந்து நிறுத்தும் காகிதத்தையும் நானே எழுதினேன், அவர் வாங்கிப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பின்கேட்டைப் பிறகு செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், நாங்களும் வீட்டை விற்றுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டோம், கேட்டே இல்லாத அந்தச் சாவி இன்னும் என் பீரோவில் ஒரு விபூதி டப்பாவுக்குள் கிடக்கிறது. தூக்கிப்போடவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

டைமரில் பதினேழு நிமிஷம் பாக்கி. பேனாவைத் திறந்துவிட்டேன், வடக்கு வாசல் எழுதியாயிற்று, கிழக்கு எழுதியாயிற்று, மேற்கு எழுதியாயிற்று. வாசலுக்கு மூன்று விவரம் எழுத வேண்டும்: அகலம், காவல், சாவி யார் கையில். இது டாக்டரின் சட்டம். போன கதையில் ஒரு பாதாள அறைச் சாவி யாரிடம் இருந்தது என்று இரண்டு மணி நேரம் சண்டை நடந்து டீ ஆறிப்போனதிலிருந்து, சாவிக்குப் பெயர் எழுதாமல் எந்தக் கதவையும் அவர் ஒத்துக்கொள்வதில்லை. தெற்கு வாசல், அகலம் ஆறடி. காவல் ஒருவர். இதுவரை எழுதியாயிற்று. அதற்குமேல் பேனா போக மறுக்கிறது. இன்றைக்கு ஆட்டம் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது, வெள்ளி மருத்துவச்சி வெளிக்குடி ஜனங்கள் நானூறு பேரைக் கூட்டிக்கொண்டு தெற்கு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாள், போன முறை அந்த இடத்தில்தான் கண்டக்டர் விசில் ஊதினார். இப்போது தணிகை வந்து உட்கார்ந்து, மடங்காத விரலோடு, தளபதி, கதவைத் திறங்க என்று சொல்வான். நான் திறக்கலாம். அகலத் திறக்கலாம், நானூறு பேருக்கும் கஞ்சி ஊற்றலாம், ஆயுதச் சாலையைக் காலி செய்து கிழவிகளைப் படுக்கவைக்கலாம், எனக்கு ஒரு பைசா செலவில்லை, ஒருத்தரும் என் லிஃப்டில் சேறு மிதிக்கப்போவதில்லை. தளபதி கொற்றனுக்கு என்ன பெரிய மனசு என்று டாக்டர் சொல்வார், தணிகை சந்தோஷப்பட்டு ஒரு பஜ்ஜியை என் பக்கம் நகர்த்துவான். அந்தப் பஜ்ஜியை நான் தின்பேன். இந்த இரண்டு வாரமும் மனசு ரகசியமாக இந்தத் திட்டத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் பிடிபடுகிறது. காகிதத்தில் ஒரு கதவைத் திறந்து கணக்கை நேர் பண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் பார்த்திருக்கிறேன். சீ என்று இருக்கிறது. அப்படியென்றால் திறக்காமல் விடுவதா, மறுபடியும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாவி இல்லை என்று சொல்வதா, அது இன்னும் கேவலம். இன்றைக்கும் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். இப்போதேகூட எழுந்து ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விடலாம், செருப்பு வாசலில்தான் இருக்கிறது, வசுமதிக்குப் பல் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தெரியவே தெரியாது. பத்து வருஷமாகத் தெரியாமல்தானே இருக்கிறது, அதிலே நான் என்ன சுகத்தைக் கண்டேன்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கிறது, ஷட்டர் இரைகிறது. சாவி யார் கையில் என்ற இடத்தில் கொற்றன் என்று எழுதப் போய், கொற்றன் என்ன பாவம் செய்தான் என்று தோன்ற, அதே அழகான கையெழுத்தில் வேறொரு பெயரை எழுதி அடியில் ஒரு கோடும் போட்டுவிட்டேன். மை காயவில்லை. இப்போதே விரலால் துடைத்தால் வெறும் கறையாகிவிடும் என்று ஒரு யோசனை ஓடுகிறது, கடைசி நிமிஷத்திலும் இந்தப் புத்தி போகவில்லை. டாக்டர் எண்ணெய் ஊறிய பொட்டலத்தை வாரப் பத்திரிகை மேல் வைத்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்துக்கொள்கிறார். தணிகை டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றுகிறான், எனக்குச் சர்க்கரை கம்மி என்று அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

"வடக்கு பிரமாதம் சார். கிழக்கு ஓகே. தெற்கு வாசல், அகலம் ஆறடி, காவல் ஒருத்தர், பேரே போடல. என்ன சார், முப்பத்திரண்டு பேருக்கும் பேர் வெச்சீங்க, இவர் மட்டும் மொட்டையா நிக்கறாரு? சாவி…" டாக்டர் நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். "கஜேந்திரன், செக்ரட்டரி. இதென்ன சார், உங்க சொந்தப் பேர எழுதி வெச்சிருக்கீங்க?"

தணிகை எட்டிப் பார்க்கிறான். அப்புறம் தாளை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். அவன் விரல் தெற்கு மதிலோடு மெதுவாகப் போகிறது, மடங்கிய இடத்தில் மடங்குகிறது, அழித்த முக்கோணங்களின் தடத்தைத் தடவிப் பார்க்கிறது. சந்துப் பக்கமிருந்து பார்த்தவனுக்கு அந்தச் சுவர் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மோட்டார் ரூம்" என்றான்.

"ஆமா."

"அன்னிக்கு சாவி உங்ககிட்டயா சார் இருந்துச்சு?"

"சட்டப் பையில. பலராமன் ரெண்டு தடவ வந்து கேட்டாரு. நான் குடுக்கல. அவர்தான் தொலைச்சிட்டாருன்னு நான்தான் எழுதி வெச்சேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம், உடம்பு அதற்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டுவிட்டது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தன் வலது கையை மேசைமேல் வைத்து, விரல்களை மடக்கி, மடக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வயசில் அந்தக் கை எப்படி இருந்திருக்கும்.

"அவர அடிச்சாங்கல்ல சார், உதடு கிழிஞ்சு. மொதல் அடி நான்தான் அடிச்சேன்" என்றான். "சாவி எங்கிட்ட இல்லப்பான்னு ஒரு வார்த்த சொல்லல சார் அவரு. கும்பிட்டாரு. கும்பிடக் கும்பிட அடிச்சேன். அம்மா கைக்காக அடிச்சதா இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறார். டைமர் அடிக்கிறது, அதை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்கு அடித்து ஓய்கிறது. எனக்கு என் குற்றம் ஒன்றுதான் தெரிந்திருந்தது, அதைத்தான் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தப் பையன் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரியாது.

தணிகை பேனாவை எடுத்தான். காவல் ஒருவர் என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பலராமன் என்று கோணல்மாணலாக எழுதிவிட்டு, பேனாவை என் முன்னால் வைத்தான்.

"ஊரு எழுதுங்க சார். நான் போயிப் பாக்கணும்."

"செய்யாறு பக்கம்னு சொல்வாரு."

"செய்யாறு பக்கம்னா, எந்த ஊரு?"

தெரியவில்லை. வடக்குக் கோபுரத்தில் நிற்கிற இருமல்காரன் எந்தக் கிராமம், அவன் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது என்பதுவரை சொல்வேன். ஆறு வருஷம் தினமும் எனக்குக் கேட் திறந்துவிட்ட மனுஷனின் ஊர் தெரியவில்லை, அப்பா பெயர் தெரியவில்லை, பிள்ளைகள் உண்டா என்று தெரியவில்லை. தணிகை காத்திருக்கிறான். நான் பேனாவை எடுத்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன், எழுத ஒன்றும் இல்லாமல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.